வாங்கிய கையும் கொடுத்த கையும்

ஒப்பீட்டுக் குடும்பச் சட்ட வகுப்பில் சென்ற ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். நாடு சீனா. கணவன் இரவுகளில் கைபேசியில் நேரலை பார்க்கிறான். திரையில் ஒரு பெண் பாடுகிறாள், பேச்சுக் கொடுக்கிறாள், பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறாள். அவன் அவளுக்குப் பணம் அனுப்புகிறான். ஓராண்டு கழித்து மனைவி வங்கிக் கணக்கைப் பார்க்கிறபோது, வீடு வாங்கச் சேர்த்த தொகையில் பெரும்பகுதி இல்லை. மனைவியின் சார்பில் மனு எழுத வேண்டும். யார்மீது வழக்கு, எந்த உரிமையில், என்ன பரிகாரம்?

ஏறத்தாழ எல்லோரும் முதல் எதிர்மனுதாரராக அந்தப் பாடும் பெண்ணை எழுதினார்கள். எழுதி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அவ எதுக்கு மேடம் திருப்பிக் குடுக்கணும்? அவ வேலை பாத்திருக்கா இல்ல?" என்றாள். முன்வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: "அப்ப பொண்டாட்டி இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டது வேலை இல்லையா?" மணி அடித்துவிட்டது. இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் அன்று எதுவும் இருக்கவில்லை. மனுதாரராக நான் எழுதியிருந்தாலும் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்பேன் என்பது வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது.

சீனாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நேரலையில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையைப் பற்றி அங்கே நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக யோசித்துவருகின்றன. உச்ச மக்கள் நீதிமன்றமே இதற்கென்று விதி எழுதியிருக்கிறது. டோவ்யின், குவாய்ஷோ போன்ற செயலிகளில் பார்ப்பவர் முதலில் யுவான் கட்டி நாணயம் வாங்குகிறார். நாணயத்துக்கு ரோஜாப்பூ, ராக்கெட் என்று படப் பரிசுகள். டோவ்யினில் 'கார்னிவல்' என்றொரு பரிசு இருக்கிறது. விலை 30,000 நாணயம், அதாவது 3,000 யுவான், நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல். அதை அனுப்பினால் சில நொடிகள் திரையெங்கும் வண்ணம் கொட்டும், அந்தப் பெண் அனுப்பியவர் பெயரைக் கூவி நன்றி சொல்வாள். வந்த பணத்தில் பொதுவாகப் பாதியளவைச் செயலி நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மீதியில் 'கில்டு' எனப்படும் தரகு நிறுவனத்துக்கு ஒரு பங்கு. மிச்சம் அவளுக்கு. இதில் பிகே என்றொரு விளையாட்டும் உண்டு. இரண்டு பெண்களைத் திரையில் எதிரெதிரே நிறுத்திச் சில நிமிடங்களில் யாருக்கு அதிகப் பரிசு விழுகிறது என்று பார்ப்பார்கள். தோற்றவள் குந்தி எழுவது போன்ற ஏதாவது ஒரு தண்டனையைச் செய்து காட்ட வேண்டும். அவள் தோற்கக்கூடாது என்று ஆண்கள் பணத்தைக் கொட்டுவார்கள். அதிகம் கொட்டியவருக்குப் 'பட்டியலின் முதல் அண்ணன்' என்று பட்டம். இந்தப் பட்டியல்களை எடுத்துவிடும்படி 2022 மே மாதத்தில் நான்கு அரசுத் துறைகள் சேர்ந்து உத்தரவிட்டன.

இப்படிப் பணம் கொடுப்பதற்குச் சீன மொழியில் 'தாஷாங்' என்று பெயர். 'ஷாங்' என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு மனமிரங்கிக் கொடுப்பது. வேலைக்காரருக்கும் கூத்தாடிக்கும் கொடுத்தது. நம்முடைய இனாமுக்கு மிக அருகில் இருக்கும் சொல். கொடுத்தவன் பெரிய மனிதன், வாங்கியவள் கைநீட்டியவள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்துக்கு இது போதாது. அது கொடையா, கூலியா என்று சட்டம் கேட்கிறது.

கொடை என்றால் மனைவிக்கு வழி பிறக்கிறது. சீனாவின் குடிமைச் சட்டத் தொகுப்பு 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 1062ஆம் பிரிவின்படி திருமணத்துக்குப் பின் இருவரில் யார் சம்பாதித்ததும் இருவருக்கும் பொது. அதைக் கையாள இருவருக்கும் சம உரிமை. பொதுச் சொத்தை ஒருவர் மட்டும் முடிவெடுத்து இனாமாகக் கொடுக்க முடியாது என்று மனைவி வாதிடலாம். கூலி என்றால் கதை வேறு. அவன் ஒரு சேவையை வாங்கினான், அனுபவித்தான், காசு கொடுத்தான். படம் பார்த்துவிட்டு வந்து டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க முடியாது. வயதுவந்தவர்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்தவரை சீன நீதிமன்றங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கமே சாய்ந்தன. பார்த்தாய், மகிழ்ந்தாய், உன் பெயர் திரையில் மின்னியது, எனவே அது சேவை ஒப்பந்தம்.

குழந்தைகள் விஷயத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதற்கு மேல் பதினெட்டு வரை, வயதுக்கும் அறிவுக்கும் பொருந்தாத செலவு என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பதினாறு வயதைத் தாண்டித் தன் உழைப்பில் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு. பெற்றோர் அறியாமல் இப்படிக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கோவிட் காலத்தில், 2020 மே மாதத்தில், உச்ச மக்கள் நீதிமன்றம் வழிகாட்டியது. அந்த நீதிமன்றம் முன்னுதாரணமாக வெளியிட்ட வழக்கு ஒன்றில், நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய சிறுவன் பெற்றோரின் வியாபார வங்கி அட்டையிலிருந்து சுமார் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 16 லட்சம் யுவான் அனுப்பியிருக்கிறான். ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். மேல்முறையீட்டில் சமரசம் பேசி நிறுவனம் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. கைபேசியை அழுத்தியது பிள்ளைதான், அப்பா அல்ல என்று நிரூபிப்பதுதான் இத்தகைய வழக்குகளில் பெற்றோருக்குப் பெரும்பாடு.

குழந்தைக்கான இந்த நியாயத்தைக் கணவனுக்கும் நீட்டிவிட ஆசை வருகிறது. என் மாணவர்களின் மனுக்களில் பாதிக்கு மேல் அதைத்தான் செய்திருந்தன. 'மதி மயங்கிய நிலையில்', 'ஆசை வார்த்தைகளால் ஈர்க்கப்பட்டு' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இந்த மொழியை நாம் நன்றாக அறிவோம். "வளைச்சுப் போட்டுட்டா", "மருந்து வச்சுட்டா" என்று தெருவில் சொல்வதை வழக்குரைஞர் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். அலுவலகத்தில் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவன், வீட்டுக் கடனுக்கு வட்டி விகிதம் பேசுகிறவன், இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் தன் பெயரைச் சொன்னதும் எட்டு வயதுப் பிள்ளையாகிவிடுகிறான். பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் அவன் குற்றத்தை நாமே கழுவிவிடுகிறோம். அவன் பிள்ளை என்றால் குற்றவாளி திரையில் இருப்பவள்தான்.

பின்வரிசை மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அது வேலையா? ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில், முகத்தில் புன்னகையையும் குரலில் கனிவையும் சம்பளத்துக்காக உருவாக்கித் தருவது உழைப்பு என்றார். உணர்வுழைப்பு என்று அதை இப்போது சொல்கிறோம். நேரலைப் பெண்ணின் இரவு அதைவிடக் கடினம். பல மணி நேரம் தொடர்ந்து பேச வேண்டும். யாரும் இல்லாத திரையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். போன வாரம் ஒருவன் தன் அம்மாவுக்கு முட்டிவலி என்று சொன்னது ஞாபகம் இருக்க வேண்டும். நேரலை முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. பெரிய பணம் கொடுப்பவர்களை 'வீசாட்' செயலியில் தனியாகப் பேசிக் கைவிட்டுப் போகாமல் வைத்திருக்கக் கில்டுகள் அவளைப் பழக்குகின்றன. சில இடங்களில் அவள் பெயரில் அந்தச் செய்திகளை எழுதியது கில்டில் சம்பளம் வாங்கும் ஆண்கள் என்பதும், அது மோசடி என்பதும் குற்ற வழக்குகளில் வெளிவந்திருக்கின்றன. கணவன் உருகி உருகிப் பேசியது இன்னொரு ஆணிடம் என்பதை அறிந்து எந்த மனைவியாவது சிரித்திருப்பாளா என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு.

அது வேலைதான். ஆனால் அதை வேலை என்று யார், எங்கே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மனைவி வழக்குப் போடும்போது, அவள் செய்தது சேவை, எனவே பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று செயலி நிறுவனம் சொல்கிறது. நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. அதே பெண் கில்டுமீது வழக்குப் போட்டு, தான் தொழிலாளி, தனக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கும்போது, நீ தொழிலாளி இல்லை, கூட்டாளி, உன்னுடன் போட்டது ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று பதில் வருகிறது. அதையும் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. ஒரு நீதிமன்றத்தில் உழைப்பு இருக்கிறது, அடுத்த நீதிமன்றத்தில் இல்லை. இரண்டு இடத்திலும் பணம் நிறுவனத்தின் கையைவிட்டுப் போகவில்லை.

முன்வரிசை மாணவியின் கேள்வி இன்னும் பழையது. சீனாவின் குடிமைச் சட்டத் தொகுப்பில் 1088ஆம் பிரிவு ஒன்று உண்டு. குழந்தை வளர்ப்பிலும் முதியோர் பராமரிப்பிலும் அதிகச் சுமை சுமந்தவர் விவாகரத்தின்போது மற்றவரிடம் ஈட்டுத்தொகை கேட்கலாம். சட்டம் வந்த சில வாரங்களில், 2021இல், பெய்ஜிங்கின் ஃபாங்ஷான் மாவட்ட நீதிமன்றம் ஐந்தாண்டு மணவாழ்வில் வீட்டு வேலைகளைத் தானே பார்த்த ஒரு மனைவிக்கு 50,000 யுவான் கொடுக்கச் சொன்னது. இவ்வளவுதானா என்று சீனப் பெண்கள் அப்போதே கொதித்தார்கள். நான் இதைக் கார்னிவல் பரிசால் வகுத்துப் பார்த்தேன். பதினேழு கார்னிவல்கூட இல்லை. ஐந்து வருடச் சமையல், துணி, பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து, சரியான ஆள் கிடைத்தால் ஒரு பிகே போட்டியில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விலையைப் பார்த்ததும் மனைவியின் உழைப்பு மலிவாகவும் அந்தப் பெண்ணின் உழைப்பு கொள்ளையாகவும் தெரிகிறது. உடனே இருவரையும் தராசில் வைக்கிறோம். பிகே திரையில் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சமைப்பவளின் உழைப்புக்கு விலை வைக்காதவளும் தன் புன்னகைக்கு 3,000 யுவான் என்று விலை வைத்தவளும் அந்தப் பாடும் பெண் அல்ல.

2025 ஜனவரியில் உச்ச மக்கள் நீதிமன்றம் திருமண, குடும்ப வழக்குகளுக்காக ஒரு புதிய விளக்கத்தை வெளியிட்டது. பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் ஆறாம் விதி நேரலைப் பணத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. துணையின் சம்மதமில்லாமல் பொதுச் சொத்திலிருந்து, குடும்பத்தின் வழக்கமான செலவுநிலையைத் தெளிவாக மீறிய தொகையைக் கொடுத்து, பொதுச் சொத்துக்குக் கடும் பாதிப்பு உண்டாக்கினால் அதை 'ஊதாரித்தனம்' என்று கொள்ளலாம். அப்போது மற்றவர் விவாகரத்துக் கோராமலே சொத்தைப் பிரித்துக் கேட்கலாம். அல்லது விவாகரத்தின்போது, கொடுத்தவருக்குக் குறைவான பங்கு போதும், பங்கே வேண்டாம் என்று கேட்கலாம்.

முதல் வாசிப்பில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லையே. பிறகு மெல்லப் புரிந்தது. இந்த விதி மனைவியின் கையை நேரலைப் பெண்ணின் பையிலிருந்து எடுத்துக் கணவனின் பங்கில் வைக்கிறது. உன் பணம் போன இடத்தைத் தேடாதே, போக விட்டவனிடம் வாங்கிக்கொள் என்கிறது. அவள் வாங்கியது கூலியாகவே இருக்கட்டும். நீ இழந்தது உன் பங்காகவே இருக்கட்டும். இரண்டுக்கும் அவன் கணக்குச் சொல்லட்டும். இரண்டு மாணவிகளும் சொன்னது ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது இந்த விதிதான். நியாயம் இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அடுத்த விதியையும் படிக்க வேண்டும். ஏழாம் விதி, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவுக்காகப் பொதுச் சொத்தைக் கொடுத்தால் அது பொது ஒழுக்கத்துக்கு எதிரானது, செல்லாது, திருப்பித் தர வேண்டும் என்கிறது. கணவனிடம் எதுவும் மிச்சமில்லாதபோது மனைவிக்கு உண்மையில் காசு வரக்கூடிய வாசல் இதுதான். கடனில் மூழ்கியவனின் பங்கைக் குறைத்து என்ன பயன்? ஆகவே வழக்குரைஞர் என்ன செய்வார்? அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் உறவு இருந்தது என்று காட்டப் பார்ப்பார். செயலிக்கு வெளியே அனுப்பிய 520 யுவானைத் தேடுவார். சீன மொழியில் 520 என்ற எண்ணின் ஒலி 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதை ஒத்தது. 'அண்ணா, தூங்கிவிட்டீர்களா' என்ற நள்ளிரவுச் செய்தியை அச்சிட்டு இணைப்பார். எந்தக் குழைவைக் கில்டு அவளுக்கு வேலையாகக் கற்றுக்கொடுத்ததோ அதுவே அவளுக்கு எதிரான ஆவணமாகிறது. உண்மையான உறவு இருந்த வழக்குகளும் இருக்கும். நான் சொல்வது, மனைவிக்கு நீதி கிடைக்க இன்னொருத்தி ஒழுக்கம் கெட்டவள் என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் சட்டம் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை. தன் பங்கைத் தன் உழைப்பின் பெயரால் கேட்க வந்தவள், அடுத்தவளின் நடத்தையின் பெயரால் கேட்க வேண்டியதாகிறது.

நம் மரபில் இந்தக் கதை புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். அரசன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் தருகிறான். அந்த மாலையைக் கூனி ஒருத்தி செல்வர்கள் நடமாடும் தெருவில் கொண்டுபோய் விற்க, கோவலன் வாங்குகிறான். குலம் சேர்த்த செல்வமெல்லாம் தொலைத்துவிட்டு அவன் திரும்பி வருகிறபோது, கண்ணகியிடம் தன்னுடையது என்று எடுத்துக் கொடுக்கக் காற்சிலம்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தச் செல்வத்தில் கண்ணகிக்கும் பங்கு உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மதுரையை எரிக்கத் தெரிந்தவள் புகாரில் கணக்குக் கேட்டிருந்தால் யாரிடம் கேட்டிருப்பாள்? மாதவியிடமா? மேடையில் வைத்து அந்த மாலைக்கு விலை சொன்னவன் அரசன்.

மதுரையையும் புகாரையும் விட்டு இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தால், என் மாணவர்கள் எழுதிய மனுவை இங்கே தாக்கல்கூடச் செய்ய முடியாது. கோவா போன்ற ஓரிரு பகுதிகளைத் தவிர இந்தியாவில் கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்று சட்டத்தில் ஒன்றில்லை. சம்பளம் அவன் பெயரில் வந்தால் அது அவனுடையது. அதை அவன் யாருக்குக் கொட்டினாலும் மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம், பங்கு கேட்க முடியாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்துகளில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். வீட்டு வேலையும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பு என்றார். அது ஒரு தீர்ப்பு. சட்டமாக இன்னும் ஆகவில்லை. பங்கு இருந்தால்தானே பறிபோனது என்று சொல்ல முடியும்.

செயலி நிறுவனத்தை நான் விட்டுவிடவில்லை. ஒருவர் ஒரு முறையில், ஒரு நாளில், ஒரு மாதத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும்படி சீனாவின் வானொலி, தொலைக்காட்சி நிர்வாகத்துறை 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. எந்தக் கணக்கிலிருந்து எந்நேரத்தில் எவ்வளவு போகிறது என்பது மனைவிக்குத் தெரியாது, அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும், நிறுவனத்துக்கு நொடி பிசகாமல் தெரியும். பாதியை எடுத்துக்கொள்பவர், எல்லாம் தெரிந்தவர், நிறுத்தும் பொத்தானைக் கையில் வைத்திருப்பவர். வரம்பு மீறிய தொகையில் அவர் எடுத்த பாதியையாவது அவரிடமிருந்து கேட்கும் உரிமை மனைவிக்கு வேண்டும் என்பது என் கட்சி. ஏற்க மறுக்கும் சக ஆசிரியர்கள் உண்டு. மது விற்பவனிடம் குடிகாரனின் மனைவி காசைத் திருப்பிக் கேட்க முடியுமா என்கிறார்கள். கேட்க முடியாது என்பது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை.

பருவத்தின் இறுதியில் அதே பயிற்சியைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை பலர் கணவனை முதல் எதிர்மனுதாரராகவும் நிறுவனத்தை இரண்டாவதாகவும் எழுதியிருந்தார்கள். சிலர் இன்னமும் அந்தப் பெண்ணை விடவில்லை. முன்வரிசை மாணவியின் தாளில் அவள் பெயர் எதிர்மனுதாரர் வரிசையில் இல்லை. கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் பட்டியலில் இருந்தது: பணம் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது என்பதையும், செய்திகளை யார் எழுதச் சொன்னார்கள் என்பதையும் சொல்ல. கில்டு ஒப்பந்தத்தை மீறி அவள் வந்து சாட்சி சொன்னால் அவள்மேல் இழப்பீட்டு வழக்கு வருமே, அதற்கு என்ன செய்வாய் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். கூடவே அந்தப் பின்வரிசைக்காரியும்.